மூணாவது டிராப் விழுது

1

ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் முதலில் குளிரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். குளிர் பெரிய விஷயமே இல்லை. இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஆறு வருடமாக இந்த நாட்டில் என்னை நடுங்க வைப்பது காகிதமும் பேனாவும்தான். இங்கே வேலை செய்தால் மட்டும் போதாது, செய்ததை எழுத வேண்டும். செய்யாமல் விட்டதையும் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பில் தமிழ்க் கட்டுரையையே பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் நான். அவனைப் பிடித்து பிரெஞ்சில் தினமும் நாலு வரி எழுது என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். பெயர் சவரி. ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்பக்கத் தெரு. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2004இல் புதுச்சேரியில் பெண் எடுத்தேன். என் மனைவி தெரேஸின் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. அந்த வழியாகத்தான் 2006 தொடக்கத்தில் கைக்குழந்தையோடு பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள இந்தப் புறநகருக்கு வந்து சேர்ந்தோம். கைக்குழந்தையாக வந்த அமலிக்கு இப்போது ஏழு வயது. இந்த 2012 தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

இங்கேயும் எனக்கு அதே வேலைதான். பெரிய பெரிய கடைகளுக்கு மின்சார வேலை எடுக்கும் ஒரு சின்ன கம்பெனி. அப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. கூரை ஏழு மீட்டர் உயரம். இந்த மாதிரிக் கடைகளில் கல்லா மேசை சுவர் ஓரத்தில் இருக்காது, நடுக்கூடத்தில் இருக்கும். அதற்குக் கரண்ட் மேலே இருந்துதான் வர வேண்டும். கூரையிலிருந்து ஒரு பைப் நேராக இறங்கும், அதற்குள் ஒயர் வரும். இதை நாங்கள் டிராப் என்போம். ஊரில் எங்கள் செட்டில் இதைப் பற்றிப் பேசுவதே தனி விதம். "இந்த ஹால்ல எத்தன டிராப் விழுது?" என்று ஒருவன் கேட்பான். "எட்டு விழுது" என்பான் இன்னொருவன். "மூணாவது எங்க விழுது?" "கல்லா மேல விழுது." விழுது என்றால் இறங்குகிறது என்று அர்த்தம். கேட்டவர் யாரும் பதறியதில்லை.

அன்றைக்கு மதியம் எனக்கு ப்ரெஃபெக்தூரில் வேலை இருந்தது. நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் மாதிரி இடம். என் குடியிருப்பு அட்டைக்காக இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பாதியில் கிளம்புகிறவன் என்ன மிச்சம் வைத்துவிட்டுப் போகிறான் என்று வேலைப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று டிராப்புக்கு மேலே தாங்கும் கிளாம்ப் வரவில்லை, சும்மா பட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தோம். அதை எழுத வேண்டும்.

வழக்கமாகத் தெரியாத வார்த்தையை முதல் நாளே அமலியிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். இந்த வாரம் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் அவள் தோழியின் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஏதோ பேசினேன். வீட்டுக்கு வந்ததும் அமலி, "அப்பா, என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி நீ பேசாத, சும்மா சிரி, போதும்" என்று சொல்லிவிட்டாள். ஏழு வயதுப் பெண் சொன்னதற்கு மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான். அதனால் இங்கிலீஷ்-பிரெஞ்சு அகராதியைப் புரட்டினேன். டிராப் என்பதற்கு ஷூத் என்று போட்டிருந்தது. புத்தகத்தில் எழுதினேன்: மூன்று ஷூத். தாங்கல் இல்லை. மூன்றாவது, கல்லாவின் மேல். கையெழுத்தும் போட்டேன்.

2

ஷூத் என்றால் விழுவது. ஆள் விழுவது. கட்டிட வேலை நடக்கும் இடத்தில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்து விசில் ஊதினார்கள். எல்லாரும் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடினோம். எங்கள் மேஸ்திரி பத்ரிக் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார், திரும்பவும் எண்ணினார். பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண்மணி, மஞ்சள் சட்டை, கையில் என் புத்தகம். நேராக என்னிடம் வந்தாள்.

"விழுந்தது எத்தனை?"

"மூன்று."

"எங்கே?"

"கல்லாவில்."

"உயிர் இருக்கிறதா?"

ஒயரில் உயிர், அதாவது கரண்ட், இருக்கிறதா என்று கேட்கிறாள் என நினைத்துக்கொண்டேன். "இல்லை. நான்தான் காலையில் எடுத்துவிட்டேன்" என்றேன். நல்ல வேலைக்காரன் என்று மெச்சுவாள் என எதிர்பார்த்தேன். அந்த அம்மா வெளுத்துப் போய் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அவசர ஊர்தியைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டாள்.

பத்ரிக் புத்தகத்தை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். கையை மேலே தூக்கி, ஒரு கோட்டைக் கீழே இழுத்துக் காட்டி, "இதுவா?" என்றார். நான் தலையாட்டினேன். "தெஸாந்த்! தெஸாந்த் என்று எழுத வேண்டும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இறக்கம் என்று அர்த்தம். அப்புறம் சிரிப்பு கிளம்பியது பாருங்கள், போர்த்துகல்காரன், மாலிக்காரன், அல்ஜீரியாக்காரன் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் கல்லாவில் விழுந்து செத்த மாதிரி நடித்தே காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் அட்டை விஷயமாகப் போகிற நாளில் என் பெயரில் ஒரு விபத்து அறிக்கை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் வேறு.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போனாள். நானும் பத்ரிக்கும் பின்னால் போனோம். கழுத்தை வளைத்து அந்த மூன்று பைப்பையும் பார்த்தாள்.

"இதை எது பிடித்திருக்கிறது?"

"பட்டை. தற்காலிகம்" என்றார் பத்ரிக்.

"இதன் கீழே உட்காரப் போவது யார்?"

அவள் கேட்டது கல்லாவில் உட்காரப் போகும் ஏதோ ஒரு பெண்ணைப் பற்றி. பத்ரிக்குக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது, தோளைக் குலுக்கினார். எனக்கு ஒரு பெயர் சட்டென்று மனதில் வந்தது. அவர்கள் சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டி அந்த இடத்தை மறிப்பதற்குள் நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மணி பன்னிரண்டே கால். சிதம்பரத்தில் சாயங்காலம் நாலே முக்கால்.

3

சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதிகளில் ஒன்றில் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. பெயர் வேண்டாம். முன்பு அது சினிமா கொட்டகை. 2005இல் கொட்டகையை வாங்கி, நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஜவுளிக்கடை ஆக்கினார்கள். ஒயரிங் வேலை எனக்கு வந்தது. என்னோடு கூட்டாக வேலை செய்தவன் அருள். என் வயதுதான், மங்கலம்பேட்டைப் பக்கத்துக்காரன். அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே பெரிய வேலை அது. கொட்டகைக் கூரை இருபத்தைந்து அடி உயரத்தில் இரும்புச் சட்டங்களோடு இருந்தது. அதற்கு நாலடி கீழே அழகுக்காக ஒரு ஃபால்ஸ் சீலிங். நடு ஹாலில் எட்டு பில்லிங் கவுண்டர், எட்டு டிராப்.

பைப் இரும்பு பைப். ஓனர் கவுண்டர்களை அப்படி இப்படி நகர்த்துவேன் என்று சொன்னதால் பைப்பின் கீழ் முனையைக் கவுண்டரோடு சேர்த்து முடுக்க முடியாது. தலைக்கு மேலே நிற்க வேண்டும். அப்படித் தொங்குகிற பைப்பின் கனம் முழுவதையும் மேலே உள்ள இரும்புச் சட்டம்தான் தாங்க வேண்டும். சட்டத்தில் கிளாம்ப், கிளாம்பிலிருந்து மரை போட்ட ராடு, ராடின் முனையில் பைப். ஃபால்ஸ் சீலிங் எதையும் சுமக்கக் கூடாது. அது தன்னைத் தானே சுமப்பதே பெரிய காரியம். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். பிரான்சுக்கு வந்து கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் திறப்பு விழா. ராடு ஐந்துக்குத்தான் வந்தது. மீதி மூன்றும் நாளை வரும், நாளை வரும் என்றே நாள் ஓடியது. அருள் மெயின் போர்டில் இருந்தான். நான் சீலிங்குக்கு மேலே குப்புறப் படுத்துக்கொண்டு, ஒன்று, மூன்று, ஆறு ஆகிய டிராப்புகளைக் கட்டுக்கம்பியால் சீலிங் பட்டையோடு சேர்த்துக் கட்டினேன். கீழே இறங்கியதும் ஓனர் கேட்டார், "எல்லாம் பக்காவா?" "மூணு மட்டும் டெம்ப்ரவரி சார். தீபாவளி முடிஞ்சதும் வந்து மாத்திக் குடுத்துடறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் ரிப்பனும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். "பக்கா சார்" என்றுதான் வாயிலிருந்து வந்தது. அருள் கேட்டபோதும் ராடு போட்டாச்சு என்றே சொன்னேன்.

நல்லபடியாக வேலை முடிந்த சந்தோஷத்தில் ஓனர், "வேற ஏதாவது வேணுமாப்பா?" என்றார். என் தங்கச்சி ரீத்தா பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு வேலை கேட்டேன். அடுத்த நாளே பில்லிங்கில் உட்கார்ந்தாள். மூன்றாவது கவுண்டர்.

தீபாவளி முடிந்தது. ராடும் வந்தது. அந்த வாரம்தான் எனக்கு விசா கடிதமும் வந்தது. பாண்டிக்கும் சென்னைக்குமாக அலைச்சல், சாமான் கட்டுதல், அழுகை. போவதற்கு முன் ஒரு நாள் சிதம்பரம் போய் வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே விமானம் ஏறிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பு வரும். ரீத்தா போனில், "செம கூட்டம்ணே, நிமிரக்கூட முடியல" என்பாள். நிமிர வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன். 2007இல் அருளுக்கும் அவளுக்கும் கல்யாணம். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அப்போது என் கையில் இருந்தது அட்டை இல்லை, மூன்று மாதச் சீட்டு. ரெசெப்பிசே என்பார்கள். அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாமல் போகலாம் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஆக மேலே கட்டியதும் கட்டியபடி இருந்தது, நானும் இங்கே சீட்டை வாங்கி வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

4

ரீத்தாவிடம் நேராகப் பேச முடியாது. வேலை நேரத்தில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். கடை நம்பருக்கு அடித்தேன். ஏழாவது தடவை மேனேஜர் எடுத்தார். பின்னால் கூட்டம் இரைகிறது, பாட்டு அலறுகிறது.

"சார், நான் பிரான்ஸ்லேருந்து பேசறேன். உங்க கடை ஒயரிங் பண்ணவன். மூணாவது கவுண்டர்ல..."

"எந்தக் கவுண்டரா இருந்தா என்னா சார், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் இப்ப கெடையாது. தீபாவளி முடிஞ்சி வாங்க" என்று வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். தீபாவளி முடிந்து வருகிறேன் என்பது நான் சொல்லாமல் முழுங்கிய வார்த்தை. அது அப்படியே என் காதுக்குத் திரும்பி வந்தது.

அடுத்து அருள். கல்யாணத்துக்குப் பிறகு முதுநகருக்கே வந்துவிட்டவன், அப்போது வீட்டில் இருந்தான்.

"என்னா மச்சான், இந்த நேரத்துல? வேலைக்கிப் போவலியா?"

"மச்சான், கடையில அந்த மூணாவது டிராப்பு விழுது மச்சான்!"

"ஆமா, விழுது. ரீத்தா கவுண்டர்லதான் விழுது. அதுக்கென்னா?"

"டேய், விழுதுடா!"

"அதான் தெரியுதே. நாமதானடா போட்டோம். ஏன் மச்சான், அங்க எவனாவது கடை லே-அவுட் கேக்கறானா?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இறங்குகிறது என்று நான் எழுதினேன், பதினான்கு பேர் விழுந்துவிட்டது என்று ஓடினார்கள். இப்போது விழப்போகிறது என்று என் சொந்த பாஷையில் கத்துகிறேன், இவன் இறங்குகிறது என்று புரிந்துகொண்டு சாவகாசமாகப் பேசுகிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

"அருளு, நல்லா கேட்டுக்க. அது ரீத்தா தலையில வுழுந்துடும். மேல ராடு இல்ல. கட்டுக்கம்பியில தொங்குது. நான்தான் கட்டுனேன். ஒண்ணு, மூணு, ஆறு."

அவன் வீட்டில் குக்கர் விசில் அடித்தது மட்டும் கேட்டது.

"ராடு போட்டாச்சுன்னு சொன்னியே மச்சான்."

"சொன்னேன்."

"நான் கேட்டேனே. ரெண்டு தபா கேட்டேனே."

"போடல அருளு."

"ஏழு வருசமாடா?" என்றான். அதுவரை அவன் என்னைப் பார்த்து அப்படி டா போட்டதில்லை. வேலை நேரத்தில் போடும் டா வேறு. "நீ இந்தச் சங்கதிய மனசுல வச்சிகினுதான் மாசா மாசம் எங்கூட பேசுனியா? தெனம் காலையில அவள வண்டியில கொண்டு போயி அந்தக் கடை வாசல்ல நான்தானடா எறக்கி வுடுறேன்?"

அவனே தொடர்ந்தான். "அதுல இப்ப என்னென்ன மாட்டி வச்சிருக்கான் தெரியுமா அந்த ஓனரு? போன வருசம் ஒவ்வொரு பைப்புலயும் ஸ்பீக்கர் பெட்டி மாட்டுனான். இப்ப தீபாவளி தள்ளுபடி போர்டு வேற. கரண்டு கட்டு ஜாஸ்தி, பாதி நாளு ஜெனரேட்டர்லதான் ஓடுது. அது ஓடுனா சீலிங்கே கிர்ருங்குது. நேத்துகூட ரீத்தா சொன்னா, தல மேல ஒரே தூசி கொட்டுதுன்னு."

சீலிங் பட்டை அசைந்தால்தான் தூசி கொட்டும்.

"அருளு..."

"வையி. ராடு என்கிட்ட இருக்குது. போறேன்" என்று வைத்துவிட்டான்.

5

முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு மோட்டார் பைக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தீபாவளி நெரிசலில் இன்னும் கூட. நான் ரயில் ஏறி ப்ரெஃபெக்தூருக்குப் போனேன். அவன் ஓட்டும்போது போன் எடுக்க மாட்டான் என்று தெரிந்தும் மூன்று தடவை அடித்தேன். இங்கே ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் அங்கே அவன் எங்கே போய்க்கொண்டிருப்பான் என்று கணக்குப் போட்டேன். இப்போது ஆலப்பாக்கம் கேட். மூடியிருந்தால் பத்து நிமிடம் போச்சு. இப்போது புதுச்சத்திரம். இப்போது பி.முட்லூர். வெளியே ஓடும் ஊர்களின் பெயர்ப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. இறங்க வேண்டிய இடத்தை விட்டு ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய் இறங்கினேன்.

ப்ரெஃபெக்தூர் ஹாலில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் கல்யாணச் சான்று, கரண்ட் பில், சம்பளச் சீட்டு, அதன் நகல், நகலின் நகல். என் எண் 214. சுவரில் போன் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. பலகையில் 197 ஓடிக்கொண்டிருந்தது. போன தடவை வந்தபோது கரண்ட் பில் தெரேஸ் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான் கரண்ட் வேலைக்காரன், ஊரில் யார் வீட்டுக் கரண்ட்டையும் இணைப்பேன், துண்டிப்பேன், இங்கே என் பெயரில் ஒரு கரண்ட் பில் இல்லாமல் நான் இந்த வீட்டில் இருக்கிறேன் என்று நிரூபிக்க முடியவில்லை. அதைச் சரி பண்ணிக்கொண்டு வர நாலு மாதம். இந்தத் தடவை பத்து வருட அட்டை கிடைக்கும் என்று தெரேஸ் மாதாவுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணாந்து பார்த்தேன். அந்த ஹாலும் உயரமான ஹால். ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு டிராப் இறங்கியிருந்தது. மேலே இரட்டை ராடு, நடுவில் ஒரு பிடி, கீழே மேசையோடு அடித்த தகடு. ஆட்டினாலும் ஆடாது. அடியில் கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி நிதானமாக முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் காரணமே இல்லாமல் கோபம் வந்தது.

209 ஓடும்போது போன் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனேன். அருள் குசுகுசுத்தான். "மச்சான், வந்துட்டேன். மேனேஜர் ஆவாதுங்கறான். இப்ப கவுண்டர மூட முடியாதாம். உண்மையச் சொன்னா கடையையே மூடணும்பாங்க, அப்புறம் நீயும் நானும் கோர்ட்டுல நிக்கணும்."

"சொல்லிடு அருளு. என் பேரச் சொல்லு."

"உம் பேர வச்சி நான் என்னா பண்ணட்டும்? நீ அங்க இருக்கற" என்றான். பிறகு குரலை உயர்த்தி, எனக்கில்லை, கடைக்கு, "சார்! ஒயரு கருகற வாட வருது சார்! இந்த லைன்ல இருக்கற ஆளுங்கள அந்தாண்ட போவச் சொல்லுங்க!" என்று கத்தினான். ஒரே சலசலப்பு. பாட்டு நின்றது. ரீத்தாவின் குரல் தூரத்தில் கேட்டது. "எந்த வாட? எனக்கு ஒண்ணும் வரலியே. பில்லு பாதியில நிக்குதுங்க." "எழுந்து வாடி" என்றான் அருள். அவளிடம் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள், வேறு பேச்சு பேசவில்லை.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போல. வைக்கவில்லை. ஏணி இழுபடுவது கேட்டது. ஏறும்போது அவன் மூச்சு கேட்டது. சீலிங் பலகையைத் தள்ளுவது, தூசி, இருமல். இங்கே 212. நான் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். காவலர் ஒருவர் வந்து சிவப்புக் கோட்டைச் சுட்டிக் காட்டினார். கையெடுத்துக் கும்பிட்டேன். இங்கே யாரும் யாரையும் அப்படிக் கும்பிட மாட்டார்கள். அவர் என்ன நினைத்தாரோ, தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"மச்சான்" என்றது போன்.

"சொல்லு."

"கையத்தான் வச்சேன். வந்துடுச்சு."

"என்னா வந்துடுச்சு?"

"கம்பி. மூணு சுத்துல ரெண்டு சுத்து துருப்புடிச்சி எப்பவோ அறுந்து கெடக்குது. ஒரு சுத்துலதான் நின்னுகினு இருந்துது. இப்ப பைப்ப எங் கையால புடிச்சிகினு இருக்கறேன். பேசாத."

கீழே யாரையோ கூப்பிட்டான், பைப்பைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னான். ஸ்பேனர் சத்தம். கிளாம்ப் சட்டத்தில் கடிக்கும்போது ஒரு கிறீச் சத்தம் வரும், அது இரும்பு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பலகையில் 214 வந்தது. மணி அடித்தது. எழுந்து போகலாம்தான். அட்டைக்காக நான் ஆறு வருடம் காத்திருந்தேன். ஒன்றாவது, ஆறாவது டிராப்புகளின் கிளாம்ப் சத்தமும் கேட்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பலகை 223க்குப் போயிருந்தது.

கண்ணாடி அம்மா, என் எண் தாண்டிவிட்டது என்று சீட்டைப் பார்த்துச் சொன்னாள். மறுபடியும் மூன்று மாத ரெசெப்பிசே. அடுத்த முறை பிப்ரவரியில். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

அருள் கீழே இறங்கியும் போனை வைக்க மறந்திருந்தான். மறந்தானோ, வேண்டுமென்றே விட்டானோ. காதில் வைத்தபடியே ஹாலை விட்டு வெளியே படிக்கட்டுக்கு வந்தேன். ரீத்தாவின் குரல் கிட்டத்தில் கேட்டது.

"நெசமா சொல்லுங்க, கருகல் வாடயா?"

அருள் சொன்னான். சுருக்கமாகச் சொன்னான். கம்பியைக் காட்டியிருப்பான் போல, "இதுவா?" என்று அவள் கேட்டாள். என் பெயரையும் சொன்னான். கடையில் பாட்டை மறுபடி போட்டார்கள். யாரோ ஒரு அம்மா, "பில்லு போடுவீங்களா மாட்டீங்களாம்மா?" என்று சத்தம் போட்டாள்.

என் தங்கச்சி என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "போனக் குடுங்க" என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். நான் லைனில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இப்ப போட்டிருக்கறது நீங்க போட்டதுதான?"

"நான்தான். எங் கையால போட்டேன்."

"அப்ப சரி" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் எனக்குக் கேட்டது.